பூ மார்க்கெட்டில் ஆரஞ்சுக் குடை

எனக்குக் கவலை வந்தால் மூளைக்குத் தெரிவதற்கு முன்னால் வயிற்றுக்குத் தெரிந்துவிடும். அந்த ஆனி மாதக் காலையில் சங்கரன்கோவில் பூ மார்க்கெட் வாசலில் முதல் ஆரஞ்சுக் குடையைப் பார்த்ததும் வயிறு ஒரு தடவை உருண்டது. அதுவரை எங்கள் மார்க்கெட்டில் குடை என்றால் கறுப்பு. அதுவும் இல்லையென்றால் தலையில் ஈரச்சாக்கு. இதுவோ கல்யாணப் பந்தல் மாதிரி விரிந்து, சுற்றிலும் தொங்கல் வைத்து, உச்சியில் ஒரு கம்பெனியின் சின்னத்தோடு நின்றது. அதன் நிழலில் ஆரஞ்சுப் பனியன் போட்ட பையன்கள், தோட்டத்தில் பூ விளைவித்துக் கொண்டுவந்த சம்சாரிகளுக்கு இலவசமாக மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

நானும் வரிசையில் நின்று ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். பெருங்காயம் போட்ட நல்ல மோர். பூக்கடைகளுக்கு செல்போன் செயலி கொடுக்கப் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறார்கள், அதாவது என் பிழைப்பை முடிக்க வந்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு இரண்டாவது டம்ளரும் குடித்தேன். இலவசம் என்று வந்துவிட்டால் நான் எதிரி, நண்பன் பார்ப்பதில்லை. அந்தக் குணத்தை முதலாகப் போட்டுத்தான் அதுவரை கம்பெனி நடத்திவந்தேன்.

கம்பெனி என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஓர் உரக்கடையின் மாடியில் ஒரே அறை. கீழேயிருந்து வரும் யூரியா வாடை எங்களுக்குப் பழகிவிட்டது, வருகிறவர்கள்தான் தும்முவார்கள். மூடிப்போன டியூஷன் சென்டர் ஒன்றின் நாற்காலிகளை மொத்தமாக வாங்கிப் போட்டிருந்தேன். வலது கைப்பக்கம் எழுதுபலகை பொருத்திய பரீட்சை நாற்காலிகள். அதில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் கம்பெனி உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். ஏசி கிடையாது. முக்கியமான ஆட்களோடு பேச வேண்டுமென்றால் கோயில் வெளிப்பிரகாரத்துக்குக் கூட்டிப்போய்விடுவேன். கல்தரை குளிர்ச்சி, காற்று இலவசம், கோயிலுக்குள் யாரும் என்னைச் சத்தம் போட்டுத் திட்டவும் முடியாது. எங்கள் ஊர்ச் சாமியே ஒரே உடம்பில் பாதி சங்கரரும் பாதி நாராயணருமாக இடத்தைப் பங்குபோட்டு நிற்பவர். சிக்கனம் எனக்கு அங்கிருந்து வந்தது என்று நினைத்துக்கொள்வேன், வெளியில் சொன்னதில்லை.

முதலீட்டாளர் என்று யாரும் இல்லை. கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பதால் நான் யாரிடமும் கேட்கவில்லை. என்றைக்காவது யாராவது பேட்டி எடுக்க வந்தால் இதைக் கொள்கை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

ஆட்கள் என்று பார்த்தால் என்னைத் தவிர இரண்டு பேர். புரோகிராம் எழுதுவது, போன் எடுப்பது இரண்டையும் செய்தவர் ஊருக்குள்ளேயே மளிகைக்கடைக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமாகி, மாமியாரிடம் போராடி வேலைக்கு வந்துகொண்டிருந்தார். சென்னைக்குப் போகாமல் இந்த ஊரில் அவர் படித்த படிப்புக்கு வேலை என்றால் அந்தப் பரீட்சை நாற்காலி ஒன்றுதான். இன்னொருவன் சிவகிரிப் பக்கத்துத் தம்பி. கடை கடையாக ஏறி இறங்கி, மெஷின் ஓடவில்லை என்றால் ஓட வைப்பவன். நான் முதலாளி, அதாவது டீ வாங்கப் போகிறவன்.

நாங்கள் செய்துகொடுத்தது பூ கமிஷன் கடைகளுக்கான கணக்கு புரோகிராம். எங்கள் மார்க்கெட்டில் ஒரு வழக்கம் உண்டு. விடியும்போது குருவிகுளம் பக்கத்திலிருந்தும் மற்ற கிராமங்களிலிருந்தும் சம்சாரிகள் ஈரத்துணியில் மல்லியையும் பிச்சியையும் கட்டிக்கொண்டு வந்து இறக்குவார்கள். கடைக்காரர் எடை போடுவார். விலை சொல்லமாட்டார். சம்சாரியும் கேட்கமாட்டார். பூ கேரளா வண்டி ஏறி, உள்ளூர்க்காரர்கள் எடுத்து, எல்லாம் ஓய்ந்த பிறகு மத்தியானவாக்கில்தான் கடைக்காரர் அன்றைய விலை இன்னது என்று வாய் திறப்பார். அதற்கு முன்னால் கேட்பது, பந்தியில் இலை போடும்போதே மொய் எவ்வளவு என்று கேட்பது மாதிரி. வெளியூர்க்காரர்களுக்கு இது ஏமாற்று வேலையாகத் தெரியும். எங்கள் ஊரில் அதைக் கேள்வியாகவே யாரும் நினைத்ததில்லை.

நான் முதன்முதலில் எழுதிய புரோகிராமில், விலைக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் அது பேசாமல் ஏற்றுக்கொண்டது. காலியாக விடக்கூடாது என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். மார்க்கெட்டிலேயே பெரிய கடைக்காரரான அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் படிச்சவனெல்லாம் மொதல்ல வெலையைக் கேக்குதான். நீரு ஒருத்தர்தாம்வே தொழில் தெரிஞ்சவரு" என்று முதுகில் தட்டினார். பெரிய மனிதர் சொன்னதை மறுத்துப் பேசுவது மரியாதையில்லை என்று சும்மா இருந்துவிட்டேன். அவர் சேர்ந்தார், அவர் பின்னாலேயே மார்க்கெட்டும் சேர்ந்தது. காலையில் எடை போட்டதும் சம்சாரியின் போனுக்கு எங்களிடமிருந்து ஒரு மெசேஜ் போகும்: "உங்கள் பூ எடை போட்டாச்சு. விலை பின்னால்." மத்தியானம் விலையோடு இன்னொன்று. எங்கள் கம்பெனி மொத்தமும் அந்த இரண்டு வாக்கியங்கள்தான்.

ஆரஞ்சுக் கம்பெனி ராஜபாளையம் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் திறந்தது. உள்ளே போகிறவர்களுக்குக் காப்பி மெஷின், உட்கார்ந்தால் அமிழ்ந்துபோகும் சோபா, சுவரில் நிஜச்செடி. அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தனி ஆள். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று அந்த ஆள் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கம்பெனியில் மனிதர்களுக்கே தண்ணீர் கீழே உரக்கடைப் பானையிலிருந்துதான். கடைகளுக்குச் செயலி இலவசம், டேப்லெட் இலவசம், குடை இலவசம். பெரிய கடைகளுக்குப் பூ வைக்க ஃப்ரீசரும் இலவசம். எவனோ ஒரு முதலீட்டாளன் கொட்டிக்கொடுத்த பணம் எங்கள் ஊரில் மோராக ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் போனது தம்பி. ஒரு காலையில் வந்து பரீட்சை நாற்காலியில் உட்காராமல் நின்றான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"எவ்வளவுடே குடுக்கான்?"

சொன்னான். நான் அவனுக்குக் கொடுப்பதைப்போல மூன்று மடங்கு.

"எனக்கும் ஒரு வேலை இருக்கான்னு கேட்டுப் பாரேன்" என்றேன். சிரிப்பான் என்று பார்த்தேன். கண் கலங்கிவிட்டான். "பிள்ளை பொறந்திருக்குல்லாண்ணே" என்றான். அவனுக்குப் பிள்ளை பிறந்தபோது நான் கொண்டுபோனது ஒரு பிளாஸ்டிக் கிலுகிலுப்பை. அதை நினைத்துக்கொண்டு, போய்வா என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ஆரஞ்சுப் பனியனில் மார்க்கெட்டில் நின்றான். அவனுக்கு அந்த நிறம் எடுப்பாகத்தான் இருந்தது.

அடுத்தது அண்ணாச்சி. பிரகாரத்துக்கு வரச்சொன்னேன். "கோயிலுக்குக் கூப்பிட்டா ஏதோ அழப்போறீருன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டே வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, அவங்ககிட்ட போயிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"எங்க போனேன்? இங்கனதான இருக்கேன். சும்மா குடுக்கான், வாங்கி வச்சிருக்கேன். ஃப்ரீசரு பாத்தீரா? நேத்து வச்ச பிச்சி இன்னைக்குக் காலையில கண்ணை முழிச்சுப் பாக்குது."

"சும்மா குடுக்கிறவன் எத்தனை நாளைக்கு அண்ணாச்சி குடுப்பான்?"

"குடுக்கிற வரைக்கும் வாங்கிக்கிடுதேன். நீரு வருசா வருசம் காசு கேக்கீரு. என்னத்தைக் குடுத்தீரு இதுவரைக்கும்? ஒரு காலண்டர் குடுத்தீரா? ஒரு மஞ்சப்பை?"

 காலண்டர் போடும் யோசனை ஒரு வருஷம் வந்தது. விலை கேட்டுவிட்டு விட்டுவிட்டேன்.

"ஆடியில கல்யாணம் இல்ல, பூவுக்கு வெலையும் இல்ல. ஆடி முடியட்டும். ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும் அவன் மெஷின்ல போட்டுப் பாக்கோம். மார்க்கெட்டுல எல்லாரும் அப்படித்தான் பேசியிருக்கோம். அது சரியா ஓடிட்டுன்னா, உமக்கு வருசச் சந்தா கட்ட மாட்டோம். கோவிச்சுக்கிடாதீரும்."

கோவிச்சுக்கொள்ள என்ன இருக்கிறது? ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அவர்களுடைய செயலி ஒழுங்காக ஓடினால் என் கம்பெனி மூடியாயிற்று. அதைத்தான் அவர் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.

ஆடி மாதம் முழுக்க என் வயிறு என்னிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா பார்க்க ஊரே திரண்டிருந்த கூட்டத்தில் நானும் நின்றேன். அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்பதைப் பார்த்ததும், என் நிலைமையை யாரோ வெளியே சொல்லிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. கோயில் புற்றுமண்ணைக் கொஞ்சம் எடுத்துவந்து ஆபீஸ் கம்ப்யூட்டரின் தலையில் பூசினேன். ஊரில் உடம்புக்கு என்ன வந்தாலும் அதைத்தான் பூசுவோம்.

"அண்ணே, ஃபேனுக்குள்ள மண்ணு போயிரும்" என்றார் ஆபீஸ் பெண். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். என் சாமியைக் குறை சொல்லவில்லை, ஃபேனை நினைத்துத்தான் கவலைப்பட்டார்.

"நம்பிக்கைம்மா."

"நம்பிக்கை சரிதான். புது ஃபேன் யாரு வாங்குவா?"

துடைத்துவிட்டேன்.

அவரிடம் சொல்லியாக வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாள் அவரே கேட்டார். "அண்ணே, ஆவணிக்கு அப்புறம் நான் வரணுமா?" சாதாரணமாகத்தான் கேட்டார், திரையைப் பார்த்தபடியே. "வீட்டுல கேக்காக. வேலை இருக்குன்னா பிள்ளையை ஸ்கூல் வேன்ல சேக்கணும். இல்லைன்னா நானே கொண்டுபோய் விட்டுக்கிடுவேன்." ஒரு கம்பெனி பிழைக்குமா சாகுமா என்பதை, வேன் சொல்லணுமா வேண்டாமா என்று அவர் கேட்டார். "வேன் சொல்லிரும்மா" என்றேன். சொன்ன வேகத்துக்கு வயிறு கடமுட என்றது. அறை சிறியது, அவருக்கும் கேட்டிருக்கும்.

ஆடிக் கடைசியில் அண்ணாச்சி கடைக்குப் போனேன். உளவு பார்க்கத்தான், மோர் குடிக்க என்று சொல்லிக்கொண்டேன். கணக்குப்பிள்ளை ஆரஞ்சு டேப்பை வைத்து எடை போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூட்டைக்கும் எடையைத் தட்டுவார், பிறகு விலைக் கட்டத்தில் 'ஒன்று' என்று தட்டுவார், அடுத்த மூட்டை.

"அது என்ன ஒண்ணு?"

"விலை போடாட்டா அடுத்த பக்கம் போவ மாட்டேங்குது சார். சிவப்பாக் காட்டுது. காலையில விலைக்கு எங்க போக? அதான் எல்லாக் கடையிலயும் ஒண்ணு போட்டுருதோம். மத்தியானம் மாத்திக்கிடுவோம்."

தம்பி ஆரஞ்சுக் குடைக்கடியில் நின்றான். கூப்பிட்டுச் சொன்னேன். "டே, எல்லாரும் விலையில ஒண்ணு போடுதாங்க. பாத்துக்கோ."

"தெரியும்ணே. பெங்களூருக்கு எழுதிட்டேன். காலையிலயே விலை தெரியுறதுதான் நம்ம கம்பெனியோட கொள்கையாம், கட்டத்தை எடுக்க மாட்டோம்னுட்டாங்க. ஒண்ணு போடுறதை அங்கன பாத்துக்கிடுவாங்களாம்."

கொள்கை உள்ள கம்பெனியைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள். ஆடியில் சும்மா கிடந்த மல்லிக்கு அன்றைக்குத்தான் மரியாதை. சம்சாரிகள் செடியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டதெல்லாம் அந்த ஒரு நாளுக்காக. மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. நான் ஆபீஸில் நாற்காலியின் எழுதுபலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் புரோகிராமில் அன்று ஒரு மூட்டைகூட ஏறவில்லை. போன் அடிக்கவில்லை. கீழே யூரியா மூட்டை இறக்கும் சத்தம் மட்டும்.

பிறகு மாடிப்படியில் காலடிச் சத்தம். ஒருவர் இருவர் அல்ல. கதவைத் திறந்தால் படி நிறையச் சம்சாரிகள். முன்னால் நின்ற குருவிகுளம் பக்கத்துக்காரர் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என்னவே இது?"

படித்தேன். வண்ணக் காகிதம் பறக்கும் படத்தோடு இருந்தது: "வாழ்த்துகள்! உங்கள் மல்லி கிலோ ஒரு ரூபாய்க்கு விற்பனையானது!"

பெங்களூரில், முகூர்த்த நாள் நல்ல நாள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. சம்சாரிகளுக்கு மெசேஜ் அனுப்பும் வசதியை அன்று காலை திறந்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளைகள் தட்டிய ஒன்றுகளெல்லாம் வாழ்த்தோடு ஊர் ஊராகப் போய்விட்டன.

"ஐயா, இது நான் அனுப்பலை" என்றேன்.

"போன்ல மெசேஜி அனுப்புதது நீருதான? வேற யாரு அனுப்புவா?"

"ரோட்டு மேல கண்ணாடி ஆபீசு இருக்குல்லா, அவங்க."

"அந்தச் சோபாக் கடையா? அவன் எதுக்குவே பூ வெலை அனுப்புதான்?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஒரு ரூவாய்க்கு வித்ததுக்கு வாழ்த்து வேற! ஏலே, நக்கலா பண்ணுதிய?"

"உள்ள வாங்க, உக்காருங்க" என்றேன். உள்ளே உட்கார்ந்த நாலைந்து பேரும் எழுதுபலகையில் கையை வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வினாத்தாள் தரப்போகிறவனைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார்கள். சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் எனக்குச் சிரிப்பு வரும். அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது: ஆரஞ்சுக் கம்பெனிக்காரன் தொலைந்தான். இனி நான் ஒன்றும் செய்ய வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

ஆபீஸ் பெண் என்னை மூலைக்கு இழுத்தார். "சிரிக்காதீங்கண்ணே. இவுக இங்கன வந்திருக்காக. மத்தவுக மார்க்கெட்டுக்குப் போயிருப்பாக. அங்கன இன்னைக்கு அடிதடி ஆச்சுன்னா, அவங்க மெஷின் நம்ம மெஷின்னு யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாக. மெசேஜே வேண்டாம்னு துண்டுச்சீட்டுக்குப் போயிருவாக."

என் சிரிப்பு நின்றது. நான் கதவைச் சாத்தினால் சாவது இரண்டு கம்பெனியும்.

அப்போதுதான் போன் அடித்தது. தம்பி. "அண்ணே, மார்க்கெட்டுல குடையைப் பிடுங்கிட்டாங்கண்ணே. மெசேஜை நிறுத்துங்கன்னு பெங்களூருக்கு அடிச்சா ஒருத்தரும் எடுக்கலை. புதுசா பெரிய முதலீடு வந்திருக்குன்னு எல்லாரையும் கடற்கரை ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. போனையெல்லாம் ஒரு கூடையில போட்டுட்டு யோகா பண்ணுதாகளாம்."

"யாரு சொன்னா?"

"செடிக்குத் தண்ணி ஊத்துறவருதான் சொன்னாரு. அவரையும் கூப்பிட்டிருக்காக, அவரு போகலை."

"நீ பத்திரமா இருக்கியாடே?"

"ஃப்ரீசருக்குப் பின்னால நிக்கேன்."

இனி மெசேஜ்தான் அனுப்ப வேண்டும். எல்லாக் கடைச் சம்சாரிகளின் எண்களும் எங்களிடம் பழையபடியே இருந்தன. எனக்கு ஒரு நீண்ட விளக்கம் எழுத ஆசை: அன்பார்ந்த சம்சாரிகளே, அந்த ஒரு ரூபாய் மெசேஜுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, எங்கள் கம்பெனி நேர்மைக்குப் பேர் பெற்றது, இப்படி. ஆபீஸ் பெண் தலையை ஆட்டினார். மொத்தமாக மெசேஜ் அனுப்ப, வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். சிக்கனத்துக்காக நான் பதிவு செய்து வைத்திருந்தவை அந்த இரண்டே வாக்கியங்கள். வேறு ஒரு வார்த்தை சேர்த்தாலும் போகாது.

"அப்ப என்னதாம்மா அனுப்பலாம்?"

"எடை போட்டாச்சு, விலை பின்னால்."

"அதை அனுப்பினா, அந்த ஒரு ரூபாயும் நாமதான் அனுப்பினோம்னு ஆயிருமே!"

"ஆமா, ஆகும்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூல் வேன் சொல்லியாகிவிட்டது என்று அந்தப் பார்வையில் இருந்ததாக எனக்குத் தோன்றியது. என் பயமாகவும் இருக்கலாம்.

கடைகள் சார்பில் அண்ணாச்சியின் சம்மதம் இல்லாமல் அனுப்பக்கூடாது. கூப்பிட்டேன். பின்னணியில் சந்தை இரைச்சல்.

"அண்ணாச்சி, மல்லி விலையைச் சொல்லிருங்களேன், சரியான விலையையே அனுப்பிருதேன்."

"வண்டி ஏறாம வெலை எப்படிவே சொல்லுவேன்? தலை போனாலும் சொல்ல முடியாது. தலை போயிரும் போலதான் இருக்கு!"

"அப்ப விலை பின்னால்னு அனுப்பவா?"

"அனுப்பித் தொலையும்வே!"

பொத்தானை அமுக்கினேன். அறையில் இருந்த சம்சாரிகளின் சட்டைப்பைகள் ஒவ்வொன்றாகக் கிணுகிணுத்தன. குருவிகுளம் பக்கத்துக்காரர் போனைத் தூரத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"வெலை பின்னால," என்றார். மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "வெலை இன்னும் ஆகலையாம்டே." பிறகு என்னிடம், "இதைச் சொல்ல வேண்டியதுதான? அந்த ஒத்த ரூவாயை எதுக்கு அனுப்பினீரு?"

"தப்பு நடந்துபோச்சு" என்றேன். வேறு என்ன சொல்ல?

"கவனமா இருக்கணும்வே. எல்லாரும் எங்களை மாதிரி பொறுமையா இருப்பாகளா?" என்று சொல்லிவிட்டு, கதவை உதைக்க வந்தவர்களெல்லாம் டீ குடிக்க இறங்கிப் போனார்கள். மார்க்கெட்டிலும் அப்படித்தான் ஆயிற்றாம். பழகின வாக்கியத்தைப் பார்த்ததும் பழகினபடி காத்திருக்கப் போய்விட்டார்கள். மத்தியானம் அண்ணாச்சி விலையைச் சொன்னார். அந்த வருஷத்தில் அதுவரை கேட்காத நல்ல விலை. அது எங்கள் இரண்டாவது வாக்கியத்தில் போனது.

மறுநாள் கல்யாண வீடுகளின் நாதஸ்வரம் நாலு பக்கமும் கேட்க, அண்ணாச்சி எங்கள் மாடியேறி வந்தார். முதல் தடவை. மூன்று முறை தும்மினார். நான் தடுப்பதற்குள் பரீட்சை நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உடம்புக்கு அது போதாது. எழுதுபலகை வயிற்றுக்கு மேல் மாட்டிக்கொண்டது. எழுந்திருக்கப் பார்த்தார், நாற்காலியும் கூடவே எழுந்தது. திரும்ப உட்கார்ந்து, இப்படித்தான் உட்கார வந்தது போலப் பேச ஆரம்பித்தார்.

"வே, உம்ம மெஷின்லயே போட்டுக்கிடுதோம்."

என் வயிறு முதல்முறையாக வாயை மூடியது.

"ஆனா ஒண்ணு. அவன் ஃப்ரீசரைத் திருப்பிக் குடுக்க மாட்டேன். அவனாக் கேக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

"சரி அண்ணாச்சி."

"சும்மா குடுத்துப் பழக்கிட்டான். கடைக்காரங்க இனிமே பழைய சந்தா கட்ட மாட்டாங்க. பாதிதான்."

"சரி அண்ணாச்சி."

அவர் சந்தேகமாகப் பார்த்தார். பேரத்துக்குத் தயாராக வந்தவருக்கு நான் அவ்வளவு சீக்கிரம் இறங்கியது ஏமாற்றமாக இருந்திருக்கும். "பொறவு, குடை வேணும்" என்று சேர்த்தார்.

"சரி அண்ணாச்சி" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆபீஸ் பெண் இருமினார். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். பிறகு நானும் ஆபீஸ் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து அண்ணாச்சியை நாற்காலியிலிருந்து எடுத்தோம்.

அவர் படியிறங்கியதும் ஆபீஸ் பெண் கேட்டார், "பாதியை வச்சு எப்படிண்ணே?" எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து கீழே போய் டீ வாங்குவதை நிறுத்திவிட்டு ஆபீஸிலேயே போட்டோம். அதில் மிஞ்சியது அதிகமில்லை. டீயும் நன்றாக இல்லை. ஆனால் வேன் நிற்கவில்லை.

பொங்கலுக்குப் பிறகு ஆரஞ்சுக் கம்பெனி போய்விட்டது. புதிதாக வந்த பணமும் மோராக ஓடியபின், மேற்கொண்டு கொடுக்க முதலீட்டாளர் கையை விரித்துவிட்டாராம். ஒரு மின்னஞ்சலில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிலும் வண்ணக் காகிதம் பறந்ததா என்று தம்பியிடம் கேட்க நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

மாடிப்படி முனையில் நின்றான், கையில் ஒரு கட்டு ஆரஞ்சுக் குடையோடு.

"கட்டிடத்துச் சொந்தக்காரரு குப்பைன்னு வெளிய போட்டாரு. அண்ணாச்சி குடை கேட்டாருன்னு சொன்னீங்கள்லாண்ணே."

"காப்பி மெஷினைப் போடலையா?"

"அதை அவரே வச்சிக்கிட்டாரு."

பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் அவனுக்குச் சொல்ல முடிந்தது. சொல்லும்போது அவனைப் பார்க்காமல் குடைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவன் தன் பழைய நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தான். எங்கள் கம்பெனியின் கொடையாகக் குடைகளை மார்க்கெட்டில் கொடுத்தோம். சின்னத்தின் மேல் எங்கள் பெயரை எழுத பெயின்டர் கேட்ட கூலி அதிகமாக இருந்ததால் அப்படியே கொடுத்துவிட்டோம்.

ஆகையால் இன்றைக்கும் எங்கள் பூ மார்க்கெட்டில், போய்ச் சேர்ந்த கம்பெனியின் விளம்பரம் என் செலவில்லாமல் என் உபயத்தில் நடந்துகொண்டிருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு நாளும் ஒரு கணம் வயிறு உருளும். அப்புறம், அது நாம் கொடுத்த குடை என்று அதற்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வாரம் ராஜபாளையம் ரோட்டில் நல்ல வெயில். நானும் அந்தக் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கண்ணாடி ஆபீஸ் கதவு திறந்து கிடந்தது. உள்ளே சாரம் கட்டிச் சுவருக்கு நீல பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். புதிய சோபா ஒன்று, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், வாசலில் நின்றது. என் கால்கள் தானாக நின்றன.

"என்னப்பா வருது இங்க?"

"தெரியலை சார். ஏதோ கம்பெனியாம். மெட்ராஸா, பெங்களூரான்னு தெரியலை. சுவத்துல செடி வைக்கணும்னு சொல்லியிருக்காக."

செடி. வயிறு உருண்டது.

பெயின்டர் என்னையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தார். குடையின் மேல் இருந்த சின்னத்தைப் பார்த்ததும் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது.

"முன்னால இங்க இருந்த கம்பெனி ஆளா சார் நீங்க?"

"இல்லப்பா" என்றேன். "நான் அதுக்கும் முந்தின கம்பெனி."

அவருக்குப் புரியவில்லை. பிரஷை நீலத்தில் தோய்த்தார். நான் குடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்கு வேகமாக நடந்தேன். மோர் கொடுக்க ஆரம்பிப்பதற்குள் அண்ணாச்சியைப் பிரகாரத்துக்கு வரச்சொல்ல வேண்டும்.